சேஸ்: துரத்துவதா, துரத்தி விடுவதா? ஒரு சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

சி, எச், ஏ, எஸ், இ. ஐந்தே எழுத்து. போலீஸ் படம் பார்த்தவருக்கும் கிரிக்கெட் பார்த்தவருக்கும் இந்தச் சொல்லை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதில் தடுக்கி விழுகிறவர்கள் அதிகமாக இருப்பதும் அதனால்தான். தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டுவோம், தெரிந்த சொல்லுக்கு யார் புரட்டப் போகிறார்கள்?

திருப்பூரில் ஞாயிறு காலையில் ஓர் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களில் மெயில் பார்க்கிற பிள்ளைகள். இந்த ஒரு சொல்லில் அவர்கள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, எந்த வரிசையில் போனால் சறுக்காது என்று ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். முக்கியமாக, 3-ஆவது படியைத் தாண்டிக் குதித்து 6-க்குப் போகாதீர்கள். போனவர் கதையை அங்கேயே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லி, எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிற அகராதி ஒன்று வேண்டும். மொபைலில் இருந்தால் போதும். ஆங்கிலம்–தமிழ் அகராதியை மட்டும் நம்பினால் அது "துரத்து" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும், வம்பே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டு. ஒரு பக்கத்தில் இரண்டு கோடு கிழித்து மூன்று கட்டம் ஆக்குங்கள். முதல் கட்டத்தில் யார், இரண்டாவதில் யாரை அல்லது எதை, மூன்றாவதில் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற சிறு சொல். மூன்றாவது கட்டம் பல நேரம் காலியாக இருக்கும். காலியாக இருப்பதும் ஒரு தகவல்தான், அதையும் காலி என்றே எழுதிவையுங்கள்.

1. முதலில் வாய்க்கு வரட்டும்

உச்சரிப்பை முதலில் வைத்ததற்குக் காரணம் நம் எழுத்துதான். "சேஸ்" என்று தமிழில் எழுதினால் நம்மில் பலர் "சட்டை", "சாப்பாடு" என்பதில் வருகிற மெல்லிய ச போட்டுத் தொடங்குவார்கள். அது தவறு. தொடக்கம் "பச்சை", "அச்சு" என்பதில் வரும் அழுத்தமான ச்ச. முடிவு வெறும் காற்று, பாம்பு சீறுவதுபோல. "பஸ்" என்று சொல்லும்போது கடைசியில் வருவது அதே சத்தம். "சைஸ்" என்பதன் கடைசியில் தேனீ ரீங்காரம் போல ஒன்று வரும் பாருங்கள், அது இங்கே வரக் கூடாது.

நடுவில் இருக்கிற ஏ கொஞ்சம் நீண்டு இ பக்கம் சாயும்: "சேய்ஸ்" என்பதற்குக் கிட்டத்தில். குறுக்கிவிட்டால் அது செஸ் ஆகிவிடும், நீங்கள் திருடனைத் துரத்துகிறீர்களா காய் நகர்த்துகிறீர்களா என்று எதிரில் இருப்பவர் விழிப்பார்.

இறந்த காலம் ஒரே அசை: "சேஸ்ட்". "சேஸெட்" கிடையாது. கடைசியில் ஈ, டி என்று எழுத்து இருக்கிறதே என்று இரண்டாக உடைக்கிறார்கள், அது வேண்டாம். ஒரு வேடிக்கை, கற்புள்ள என்று பொருள்படும் வேறோர் ஆங்கிலச் சொல்லும் காதில் அட்சரம் பிசகாமல் இப்படியே விழும். பேச்சில் குழப்பம் வராது, ஆனால் எழுதும்போது நடுவே ஒரு டி (t) நுழைந்துவிட்டால் வாக்கியம் விபரீதமாகும். ஐஎன்ஜி சேர்க்கும்போது கடைசி இ எழுத்து விழுந்துவிடும், இதிலும் பாதிப் பேர் அந்த இ-யை விடாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

2. யார் முன்னே, யார் பின்னே?

பொருளைத் தேடும் முன் படம் வரையுங்கள். இரண்டு புள்ளி, இரண்டுக்கும் அம்புக்குறி. முன்னால் இருப்பது ஓடுகிறது அல்லது கைக்கு அகப்படாமல் நழுவுகிறது. பின்னால் இருப்பது அதை எட்டப் பார்க்கிறது. இந்த இரண்டும் இருந்தால்தான் சேஸ்.

முன்னால் போகிறவர் தப்பிக்கப் பார்க்கவில்லை, பின்னால் வருகிறவர் பிடிக்கப் பார்க்கவில்லை என்றால் அது வெறும் "ஃபாலோ". கல்யாண வண்டிக்குப் பின்னால் நம் வண்டி போனால் ஃபாலோ. அந்த வண்டி நம் ஸ்கூட்டரை இடித்துவிட்டு நிற்காமல் பறந்தால் சேஸ். இந்தப் படிக்கு இவ்வளவு போதும்.

3. பிடிக்கவா, போகச் சொல்லவா?

இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

"நாய் என்னைத் துரத்தியது." நாய் கடிக்க வருகிறது. "அப்பா நாயைத் துரத்தினார்." அப்பாவுக்கு நாய் வேண்டாம், அது போய்த் தொலைந்தால் சரி. இரண்டிலும் ஒரே வினைச்சொல்தான். முதல் வாக்கியத்தில் துரத்துகிறவர் இடைவெளியைக் குறைக்கப் பார்க்கிறார், இரண்டாவதில் கூட்டப் பார்க்கிறார். தமிழில் நாம் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். விரட்டு என்பதும் இப்படித்தான், "விரட்டிப் பிடித்தனர்" என்றும் வரும், "விரட்டி அடித்தனர்" என்றும் வரும்.

ஆங்கிலத்தில் சேஸ் தனியாக நின்றால் பெரும்பாலும் பிடிக்கத்தான் ஓடுகிறது. போகச் சொல்ல வேண்டுமானால் பின்னால் ஒரு சிறு சொல் வேண்டும்: "அவே", "ஆஃப்", "அவுட்". அல்லது எங்கேயிருந்து விரட்டினோம் என்று சொல்லும் "ஃப்ரம்". மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டு, காக்கை வந்து, நீங்கள் குச்சியை ஆட்டி விரட்டினீர்கள் என்று வையுங்கள். "ஐ சேஸ்ட் த க்ரோ" என்று நிறுத்தினால், நீங்கள் காக்கையைப் பிடிக்க மாடி மாடியாகத் தாவியதுபோல ஒரு காட்சி வரும். "ஐ சேஸ்ட் த க்ரோ அவே" என்றால்தான் வடகம் பிழைத்தது தெரியும்.

மூன்றாவது கட்டம் எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். இதை நினைவில் வைக்க ஒரு வழி உண்டு, நம் மொழியிலேயே இருக்கிறது. துரத்தி "விட்டார்", துரத்தி "அடித்தார்" என்று நாம் ஒட்டுகிற துணைவினை செய்வதைத்தான் அங்கே "அவே", "ஆஃப்" செய்கின்றன. மனதில் "துரத்தி விட்டார்" என்று வந்தால், கை தானாக அந்தச் சிறு சொல்லைத் தேட வேண்டும். தமிழில் அதைப் போடாமலும் தப்பிக்கலாம், ஆங்கிலத்தில் முடியாது.

4. "பின்னால்" என்று போடாதீர்கள்

"நாய் என் பின்னாலேயே துரத்திக்கிட்டு வந்துச்சு" என்பது நமக்குச் சரளமான வாக்கியம். அதை அப்படியே கொண்டுபோய் "த டாக் சேஸ்ட் பிஹைண்ட் மீ" என்கிறார்கள். பின்னால் என்பது சேஸ் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "த டாக் சேஸ்ட் மீ", அவ்வளவுதான். "என்னை" என்பதில் உள்ள ஐ உருபுக்குப் பதிலாக "டு" போடுகிறவர்களும் உண்டு, அதுவும் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு "ஆஃப்டர்". "சேஸ் ஆஃப்டர்" என்பது நல்ல ஆங்கிலம்தான். அதில் ஓடுகிற பாடு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், கிடைக்காது என்கிற சாயலும் சில நேரம் தட்டும். பஸ் கிளம்பிவிட்டது, பையோடு பின்னால் ஓடுகிறீர்கள், அப்போது பொருந்தும்.

5. கிடைத்ததா இல்லையா?

துரத்தினார் என்றால் பிடித்தார் என்று அர்த்தம் இல்லை. தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. ஆனால் "டவுன்" சேர்ந்தால் கணக்கு மாறும், "சேஸ் டவுன்" என்றால் துரத்திப் போய் எட்டியாயிற்று.

இதற்குக் கிரிக்கெட்டை விட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. 2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே மைதானம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இலங்கை 274, இந்தியாவுக்கு இலக்கு 275. பத்துப் பந்து மிச்சம் இருக்கும்போது முடித்தார்கள். ஆகவே "இந்தியா சேஸ்ட் டவுன் 275". இப்போது 2019 அரையிறுதி, மான்செஸ்டர். நியூசிலாந்து 239, இந்தியா 221-க்கு ஆட்டமிழந்து 18 ரன்னில் தோற்றது. இங்கே "இந்தியா வேர் சேஸிங் 240" என்று சொல்லலாம், "சேஸ்ட் டவுன்" என்று சொல்லவே முடியாது. (தோனி ரன் அவுட் ஆன அந்தப் பந்தைப் பற்றி வகுப்பில் யாராவது தொடங்கிவிட்டால் பத்து நிமிடம் போய்விடும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் பாடம் எடுக்கிறேன்.)

சேஸுக்குப் பின்னால் என்ன எண் வருகிறது என்றும் கவனியுங்கள். வருவது இலக்கு, எதிரணி எடுத்த ரன் இல்லை. 2006-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆஸ்திரேலியா 434 எடுத்தது. தென்னாப்பிரிக்கா துரத்தியது 435-ஐ. ஒரே விக்கெட், ஒரே பந்து மிச்சம் இருக்க 438 எடுத்து ஜெயித்தார்கள். 434, 435, 438 என்று மூன்று எண் இருக்கிற இந்த ஆட்டத்தை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதச் சொன்னால், எந்த எண்ணை எந்தச் சொல்லோடு சேர்ப்பது என்பதில் பாதி வகுப்பு மாட்டிக்கொள்ளும். நீங்களும் எழுதிப் பாருங்கள்.

6. அலுவலக மெயிலில் சேஸ்

சொன்னேனே, அந்தக் கதை. எங்கள் வகுப்பில் ஒரு பெண், ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கப்பல் ஆவணங்கள் பார்க்கிறவர். சனிக்கிழமை சாயங்காலம் போன். "அக்கா, பையர் நம்மளத் தொரத்திவிட்டுட்டாங்க போல இருக்குங்க." குரலே சரியில்லை. மெயிலை அனுப்பச் சொன்னேன். இங்கிலாந்தில் இருக்கிற பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், எழுதியிருந்தது ஒரே வரி: "ஸாரி டு சேஸ், பட் வீ ஸ்டில் நீட் த பேக்கிங் லிஸ்ட்."

துரத்துவதற்கு மன்னிக்கவும் என்று அவர் படித்திருக்கிறார். மன்னிப்பு வேறு கேட்கிறார்களே, அப்படியானால் ஆர்டர் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டார். சரி, பயந்ததோடு விட்டிருக்கலாம். பதிலும் போட்டிருந்தார்: "வெரி ஸாரி, ப்ளீஸ் டோன்ட் சேஸ் அஸ்." தயவு செய்து எங்களைத் துரத்திவிடாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார். பையர் படித்திருக்கக்கூடியது என்ன தெரியுமா? தயவு செய்து எங்களை நச்சரிக்காதீர்கள்.

மூன்றாவது கட்டம் காலி. "அவே" இல்லை, "ஆஃப்" இல்லை. ஆகவே யாரும் யாரையும் விரட்டவில்லை, பிடிக்கத்தான் வருகிறார்கள். பிடிக்க வருவது பேக்கிங் லிஸ்ட்டை. உடனே லிஸ்ட்டை இணைத்து, முந்தின மெயிலுக்கு ஒரு வரி வருத்தமும் தெரிவித்து அனுப்பச் சொன்னேன். அவர்களும் நன்றி என்று ஒரு சொல் எழுதி முடித்துக்கொண்டார்கள்.

அலுவலக சேஸ் என்பது வரவேண்டியதை விடாமல் கேட்பது. பிரிட்டிஷ்காரர்களிடம் இது தினப்படிச் சொல். அமெரிக்கர்கள் பெரும்பாலும் "ஃபாலோ அப்" என்பார்கள், நம் அலுவலகங்களிலும் அதுதான் புழக்கம். தமிழில் நிலைமையைப் பொறுத்து ஞாபகப்படுத்துவது, கேட்டு வாங்குவது, நெருக்குவது, நச்சரிப்பது என்று எதுவாகவும் ஆகலாம்.

வரிசை முக்கியம். யாரிடம் கேட்கிறோமோ அவர் முதலில், எதற்காக என்பது "ஃபார்" போட்டுப் பின்னால்: "ஐ வில் சேஸ் த டிரான்ஸ்போர்ட்டர் ஃபார் த ரசீட்." ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை என்றால் பொருளை நேராகப் போடலாம்: "சேஸ் த பேமெண்ட்." "சேஸ் அப்" என்று வந்தாலும் இதே பொருள்தான். ஆனால் பெயருக்குப் பதிலாக அது, அவர் என்று சுட்டும்போது அந்தச் சொல் நடுவில் வர வேண்டும்: "சேஸ் இட் அப்". "சேஸ் அப் இட்" என்று யாரும் சொல்வதில்லை.

யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். மூன்றாம் ஆளைப் பற்றி "அவரை சேஸ் பண்ணுகிறேன்" என்றால் பொறுப்பானவர் என்று பெயர் வாங்கலாம். எதிரில் இருப்பவரிடமே "ஐ ஆம் சேஸிங் யூ" என்றால் கடன்காரன் வாசலில் வந்து நின்றதுபோல இருக்கும். மேலதிகாரிக்கு எழுதும்போது ஃபாலோ அப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். நினைவூட்டும் மெயிலுக்கு "சேஸர்" என்றும் ஒரு பெயர் உண்டு. மதுக்கடையில் ஒரு சேஸர் உண்டு, ஒன்றைக் குடித்த கையோடு அதன் பின்னாலேயே அனுப்புகிற இன்னொரு பானம் அது.

7. சேசிங் சீன் இல்லை

தமிழ் சினிமா பேச்சில் சேசிங், பத்திரிகை விளையாட்டுப் பக்கத்தில் சேசிங். தமிழில் அது ஒரு பெயர்ச்சொல்லாகவே உட்கார்ந்துவிட்டது, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆங்கிலம் எழுதும்போது மட்டும் அந்தக் கடைசி இங்-கை வெட்டுங்கள். படத்தில் வருவது "சேஸ் சீன்", "கார் சேஸ்". ஓர் ஆட்டத்தின் துரத்தல் "ரன் சேஸ்". சேசிங் என்பது அந்தச் செயலைப் பொதுவாகச் சொல்லும்போது வரும்: ஓர் அணி சேசிங்கில் கெட்டி என்பதுபோல.

போலீஸ் செய்தியில் "கேவ் சேஸ்" என்று வரும். துரத்தத் தொடங்கினார்கள் என்று பொருள். இதற்கு முன்னால் "ஏ" போடக் கூடாது, "த"வும் கூடாது. "கொடுத்தார்கள்" என்று மொழிபெயர்த்தவரையும் பார்த்திருக்கிறேன்.

8. கனவு, பணம், படிப்பு

கைக்கு எட்டாத எதையும் ஆங்கிலத்தில் சேஸ் பண்ணலாம்: பணம், புகழ், கனவு, சாம்பியன் பட்டம். இதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் "கனவுகளைத் துரத்து" என்று எழுதிவிடுகிறோம். போஸ்டரில், டீ-சர்ட்டில், பள்ளி ஆண்டு விழா மேடையில் எல்லாம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. 3-ஆவது படியை நினைத்துப் பாருங்கள். அப்பா நாயைத் துரத்தினார், நாய் போய்விட்டது. கனவைத் துரத்தினால்? நாமாகப் பேசும்போது "பணம் பணம்னு ஓடுறான்", "பதவிக்கு அலையிறான்" என்போம். நல்ல விதமாகச் சொல்ல வேண்டுமானால் கனவைத் தேடிப் போ, விடாதே என்போம். அது போதும்.

படிப்புக்கு மட்டும் சேஸ் ஆகாது. "பர்ஸ்யூ" என்று அதற்கு ஓர் உறவுக்காரச் சொல் இருக்கிறது, கொஞ்சம் சட்டை மடிப்புக் கலையாத சொல். படிப்பை, வழக்கை, கொள்கையை ஒழுங்காகத் தொடர்ந்து செய்வதற்கு அது. பயோடேட்டாவில் "பர்ஸ்யூயிங் பி.காம்" என்றால் படித்துக்கொண்டிருக்கிறார். "சேஸிங் பி.காம்" என்றால் அரியரை முடிக்க முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் சிரிப்பார்கள்.

பர்ஸ்யூவின் பெயர்ச்சொல் "பர்ஸ்யூட்". 1776 அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் மகிழ்ச்சியோடு சேர்ந்து வருவது இதுதான், அங்கே போய் சேஸ் போட்டால் கேலியாகிவிடும். ஓய்வு நேரத்தில் செய்கிற காரியங்களுக்கும் பர்ஸ்யூட்ஸ் என்பார்கள், அதில் ஓட்டமே கிடையாது. தோட்டம் போடுவது, தபால்தலை சேர்ப்பது எல்லாம் அதில் அடங்கும்.

9. மரபுத்தொடர்கள்

இவற்றைச் சொல் சொல்லாக உடைக்காதீர்கள், மொத்தமாக மாற்றுங்கள். "கட் டு த சேஸ்" என்றால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வா. படத்தை வெட்டி நேராகத் துரத்தல் காட்சிக்குப் போவது என்கிற சினிமாக்காரர் பேச்சிலிருந்து வந்தது. "வைல்ட் கூஸ் சேஸ்" என்றால் வீண் அலைச்சல். வாத்து எதுவும் வர வேண்டாம். "சேஸிங் யுவர் டெய்ல்" என்பது ஓயாமல் ஓடியும் ஒன்றும் நடக்காத நிலை. நம்மிடம் செக்குமாடு இருக்கிறது, நாயின் வாலைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

10. இது அந்த சேஸ் இல்லை

கட்டட வேலை ஆங்கிலத்தில் சேஸ் என்று வந்தால், வயர் குழாய் பதிக்கச் சுவரில் எடுக்கிற காடி. வெள்ளிப் பாத்திரம் பற்றிய கட்டுரையில் "சேஸ்ட் சில்வர்" என்று வந்தால், வெள்ளியைத் துரத்தவில்லை, உளி வைத்துத் தட்டித் தட்டி வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஸ்டஃபோர்ட்ஷையரில் கேனக் சேஸ் என்று ஓர் ஊர்ப்புறக் காடு இருக்கிறது, பழைய வேட்டைக்காட்டின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அமெரிக்க வங்கி பெயரில் வருகிற சேஸ் ஓர் ஆளின் பெயர். இவற்றில் முதலெழுத்து பெரிதாக இருக்கிறதா, முன்னும் பின்னும் என்ன பேச்சு என்று பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

11. ஒரு வாரப் பயிற்சி

தினம் ஐந்து தமிழ் வாக்கியம் எடுத்து மூன்று கட்டத்தில் நிரப்புங்கள். வேண்டுமென்றே துரத்து, விரட்டு, அலை, ஓடு, நச்சரி என்று வருகிற வாக்கியங்களாகத் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் சேஸ் வராது என்பதுதான் பயிற்சியே. "கொசு விரட்டி" வாங்கப் போனவர் "மஸ்கிட்டோ சேஸர்" என்று எழுதினார், அதற்கு "ரிப்பெல்லன்ட்" என்று வேறு சொல். பாக்கியை வசூல் பண்ண அலைகிறேன் என்பதற்கு சேஸ் கச்சிதம். வயலில் இறங்கிய மாட்டை விரட்டினான் என்பதற்கு "அவுட் ஆஃப்" போட்டு எழுதலாம்.

"வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள்" என்பதற்கு சேஸ் பக்கமே போக வேண்டாம், "ஃபயர்ட்" என்று தனியாக ஒன்று இருக்கிறது. பையர் நிஜமாகவே நம்மைக் கழற்றிவிடுவதாக இருந்தால் "கேன்சல்" என்றோ "டெர்மினேட்" என்றோ எழுதுவார். சேஸ் என்று எழுதியிருந்தால், முதல் வேலையாக அந்தப் பேக்கிங் லிஸ்ட்டை அனுப்புங்கள்.